நானூறு கிராம் முயல்

மார்ச் 4, செவ்வாய்

எடை நாள். இருபத்தாறு குழந்தைகள், அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த இருபத்தாறு பேர், நான், உதவியாளர் அக்கா. மின்விசிறி ஒன்றுதான் சுற்றுகிறது. இன்னொன்றைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. எதற்கெல்லாமோ ஆள் அனுப்பும் அலுவலகத்துக்கு இதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

முயல் இல்லாவிட்டால் இன்று என் தலை வெடித்திருக்கும். கூரையிலிருந்து தொங்கும் தராசின் கொக்கியில் துணித் தொட்டிலை மாட்டி, குழந்தையை அதில் உட்கார வைத்தால் போதும், அலறல் தெருமுனை வரை கேட்கும். அலறுகிற குழந்தை உதைக்கும். உதைத்தால் ஊசி நிற்காது. ஊசி நிற்காமல் என்ன எடையை எழுதுவது? அதனால்தான் ஜனவரியில் என் மகளின் பழைய நீலக் கவுனை வெட்டி முயல் தைத்தேன். "அது என் கவுன்!" என்று அந்த வாலு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காற்றில் ஆடாமலிருக்க வயிற்றில் மணல் போட்டேன். கொக்கியிலேயே மாட்டினால் குழந்தையின் முகத்துக்கு நேராக வருகிறது. குழந்தைகள் அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு கப்சிப் என்று உட்கார்ந்துவிடுகின்றன. மூன்று மாதமாக நிம்மதி.

நிம்மதியை இன்று ஒருத்தி கெடுத்தாள். நாலு தெரு தள்ளிக் காய்கறிக் கடை வைத்திருப்பவள். மகளுக்குப் பதினைந்து மாதம், மிளகு என்று கூப்பிடுகிறாள், உருவமும் அப்படித்தான். டிசம்பர் வரை மிளகு எடை அட்டையின் மஞ்சள் பகுதியில் இருந்தாள், சத்துப் பொட்டலம் கொடுத்தோம். ஜனவரியில் பச்சைக்கு வந்துவிட்டாள், நிறுத்தினோம். மஞ்சளுக்குத்தான் பொட்டலம், சிவப்புக்கு ஆஸ்பத்திரி, பச்சைக்கு ஒன்றும் கிடையாது. விதியை நானா போட்டேன்? இன்று ஏழு கிலோ அறுநூறு. அட்டையில் பச்சைக் கோட்டின் மேலேயே புள்ளி விழுந்தது.

"நர்ஸம்மா, காலையில கடைத் தராசுல போட்டுப் பார்த்தேன். ஏழு இருநூறுதான் காட்டுச்சு. இங்க எப்படி நானூறு கூடும்?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "கத்திரிக்கா நிறுக்கிற தராசுல பிள்ளையை நிறுத்துட்டு வந்து எங்கிட்ட கணக்குக் கேக்கறீங்களா? உங்க கடைத் தராசு லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஏமாத்துற தராசா இருந்தா கூட்டித்தானே காட்டும் நர்ஸம்மா? குறைச்சா காட்டும்?" என்றாள்.

பதில் இல்லாததால் குரலை உயர்த்தினேன். "பொட்டலத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை இளைக்க வைக்காதீங்க" என்றேன். அவள் மிளகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். வருகிறவர்கள் எல்லாம் எனக்கு வேலை கற்றுக்கொடுக்க வந்தால் நான் எதற்கு?

மார்ச் 5, புதன்

கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவளும்தான் விடவில்லையே.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகக் கூட்டம். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் வரைபடம். குழந்தை என்றால் அவருக்கு ஒரு கோடு. கோடு ஏறினால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், இறங்கினால் விளக்கம் கேட்டு ஓலை அனுப்புவார். இன்று சிரிப்புக்குக் குறைவில்லை. திரையில் எங்கள் மையத்தின் கோடு. ஜனவரியில் மாடிப்படி ஏறுவதுபோல் ஒரே ஏற்றம். மஞ்சளில் பதினொருவர் இருந்தது மூன்றாகக் குறைந்துவிட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் என் முயலின் படம்!

"இதுக்குப் பேர் முயல் முறை" என்றார். அழாமல் எடை போட்டால் குழந்தைக்கு மன நிம்மதி, தாய்க்கும் நிம்மதி, நிம்மதி இருந்தால் பசி எடுக்கும், பசி எடுத்தால் எடை கூடும் என்று பத்து நிமிடம் விளக்கினார். அவருக்கே அதில் முழு நம்பிக்கை. நாற்பது மையங்களும் முயல் தைக்க வேண்டும், அதே அளவு, அதே மணல், ஏப்ரல் முதல் கட்டாயம். வெளியிலிருந்து ஒரு குழு பார்வையிட வரப்போகிறது. அறிக்கை மேலே போய்விட்டது.

யார் தைத்தது என்று ஒரு வார்த்தை வரவில்லை. "நம்ம அலுவலகம் கண்டுபிடிச்ச முறை" என்றார். நான் மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு கை தட்டினேன். வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தேன். வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், நாள் முழுவதும் கத்தும் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு எதற்கும் அசையமாட்டார். "முயலுக்காவது கை தட்டினாங்களே, விடு" என்கிறார்!

மார்ச் 12, புதன்

இன்னும் எரிகிறது.

மார்ச் 18, செவ்வாய்

வீடுகளுக்குப் போகும் நாள். காய்கறிக்காரி வீட்டைத் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தேன். அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அந்த மிளகுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுதாம் நர்ஸம்மா. கோபத்தை வாசல்ல வச்சுட்டு வா."

அம்மா கடையில். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகு பாயில் கிடந்தாள். என்னைப் பார்த்தால் வழக்கமாக வீரிடுவாள். இன்று வெறுமனே பார்த்தாள். மேல் கையைப் பிடித்துப் பார்த்தேன், என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிட்டது. என்னவோ போல் இருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தேன், பச்சை. பச்சையில் இருக்கிற குழந்தை இதைத் தாங்கும் என்று உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அட்டை பச்சை. கை அப்படி இல்லை. இரண்டில் ஒன்று பொய்.

அவள் தராசுதான் பொய் என்று நாளை மறுநாள் நிரூபித்துவிடுகிறேன். சனியன், அந்தக் கேள்வி காதிலேயே நிற்கிறது. கூட்டித்தானே காட்டும், குறைச்சா காட்டும்.

மார்ச் 20, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

மதியம் மையம் காலியாக இருந்தது. தொட்டிலை மாட்டி ஊசியைப் பூஜ்யத்தில் வைத்தேன், எடை நாள் காலையில் எப்போதும் செய்வதுபோல. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து பாட்டில்களை நிரப்பி ஒவ்வொன்றாகத் தொட்டிலில் போட்டேன். ஊசி ஐந்தில் நின்றது. "பார்த்தியா அக்கா! தராசு சரி! என் தராசு சரி!" என்று குதிக்காத குறை. இப்போதே கடைக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

அக்கா பாட்டில்களை இறக்கினாள். முயல் மேசைமேல் கிடந்தது. அதைப் பழக்கதோஷத்தில் எடுத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"முயல் ஏறினா ஊசியும் ஏறுதே நர்ஸம்மா."

நானூறு கிராம்.

முயலின் வயிற்றில் நான் போட்ட மணல். காலையில் பூஜ்யம் வைக்கும்போது முயல் கொக்கியில் இருக்காது. முதல் குழந்தை அழும்போதுதான் ஏற்றுவேன். மூன்று மாதமாக ஒவ்வொரு குழந்தையோடும் முயலையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன்! பதினாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். முட்டாள். முட்டாள். தராசுல ஒரு சாமானைத் தொங்க விட்டா அதுக்கும் எடை இருக்கும்னு கடை வச்சிருக்கிறவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியல.

பதிவேட்டை விரித்து எல்லா எடையிலும் நானூறைக் கழித்தேன். மஞ்சளில் மூன்று பேர் இல்லை. பதின்மூன்று பேர். மிச்சம் பத்துக் குழந்தைகளுக்குச் சேரவேண்டிய பொட்டலத்தை நான்தான் நிறுத்தியிருக்கிறேன். அவள் மகள் ஏழு கிலோ இருநூறு. அவள் சொன்ன அதே ஏழு இருநூறு.

மார்ச் 21, வெள்ளி

வரைபடத்தின் அறை வாசலில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். உள்ளே போய் ஒரே மூச்சில் சொன்னேன். மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. என் தவறு என்றுதான் சொன்னேன். முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா சிஸ்டர்?"

அதுதான் முதல் கேள்வி. எத்தனை குழந்தைகள் என்று கேட்கவில்லை.

"அறிக்கை மேலே போயாச்சு. குழு வருது. இப்பப் போய்க் கோடு விழுந்தா என்ன ஆகும்? பதறாதீங்க. முயல் இருக்கட்டும். மணலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைங்க. மாசம் நூறு கிராம். நாலு மாசத்துல தானாச் சரியாயிடும். கோடும் சட்டுனு இறங்காது."

"அதுவரைக்கும் பிள்ளைங்க சார்?"

"பிள்ளைங்க எங்க போயிடப் போறாங்க?" என்று சிரித்தார்.

எங்க போயிடப் போறாங்களா? எங்க போவாங்கன்னு உனக்குத் தெரியாதா? பதினாறு வருஷத்துல மூணு பிள்ளைங்க எங்க போச்சுன்னு நான் பார்த்திருக்கேன்யா. மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து அந்த மனிதர் தலையில் போடலாம்போல் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. "யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "யோசிக்கிறேன் சார்." தூ.

மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதி கேட்டதும், "உன் வேலைதான் போகும். அவர் கையைக் கழுவிட்டுப் போயிடுவார். கொஞ்சம் நிதானமா இரு" என்றார். அதற்காக அவர்மீதும் பாய்ந்தேன். நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "சரி, அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்தது. நேற்று மதியம் தெரிந்துகொண்டதும் நான் ஓடியிருக்க வேண்டிய இடம் அது. பதிவேட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் அலுவலகத்துக்குப் போனேன். கோட்டைப் பார்க்கிறான் என்று அவரைத் திட்டுகிறேனே, நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 22, சனி

விடிந்ததும் முதலில் கடைக்குப் போனேன். தக்காளிக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு துணியில் மிளகு சுருண்டு கிடந்தாள்.

"வாங்க நர்ஸம்மா. என்ன போடட்டும்? நம்ம தராசு லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே."

"உங்க தராசுதான் சரி. என்னோடதுதான் தப்பு" என்றேன். முயலைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என் தராசு சரியாத்தான் இருந்துச்சு. இப்ப இல்ல. அத்தனை பேர் முன்னாடி நீங்க சொன்னீங்களே, படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு உங்க எடைக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சுட்டேன். பதினெட்டு நாளா ஊருக்கே குறைச்சுப் போட்டுக்கிட்டிருக்கேன். என் பிள்ளையையும் தினம் அதுலதான் போட்டுப் பார்க்கிறேன். நேத்துகூட ஏழு காட்டுச்சு. ஏழுதானே, வயித்துப்போக்குல ஆறு நாள்ல கொஞ்சம் இறங்கும்னு விட்டுட்டேன்."

நான் குழந்தையைத் தூக்கினேன். தூக்கியதும் தெரிந்துவிட்டது. மையத்துக்கு ஓடினோம், கடையை அப்படியே போட்டுவிட்டு. கொக்கியில் தொட்டில் மட்டும். ஊசியைப் பூஜ்யத்தில் வைத்தேன். அவள் தராசைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

ஆறு கிலோ அறுநூறு. சிவப்பு.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு மாசமும் பச்சையாப் போட்டிருக்கு? எந்த மகானுபாவர் போட்டது இது?"

"நான்தான்" என்றேன்.

டாக்டர் அட்டையை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கத் தொடங்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். வாசலில் பெரியம்மாதான் நின்றாள். "உள்ள வரவேணாம்னு சொல்றா" என்றாள். சரிதானே. வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

மிளகு கண்ணைத் திறக்கவில்லை.

நாற்பது மையங்களின் எண்ணும் என்னிடம் இருக்கிறது. எங்கள் மையத்தைத் தவிர முப்பத்தொன்பது. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். ஏப்ரல் முதல்தான் கட்டாயம் என்றாலும் ஆர்வக்கோளாறில் இருபத்திரண்டு மையங்களில் ஏற்கெனவே முயல் தொங்குகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு. "முயலைக் கொக்கியிலிருந்து இறக்கு. மாட்டிப் பார், எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு." முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "காலங்காத்தால என்னடி விளையாட்டு?" என்றாள் ஒருத்தி. பிறகு போனை வைத்துவிட்டுத் தராசிடம் போவார்கள். திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை. முந்நூற்றைம்பது என்றாள் ஒருத்தி. நானூற்றைம்பது என்றாள் இன்னொருத்தி, மணலை அமுக்கி அமுக்கி அடைத்தாளாம். அழகா இருக்கட்டும் என்று கழுத்தில் மணிகூடக் கட்டியிருக்கிறாள் ஒருத்தி!

பழைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மையத்து நர்ஸ், என்னோடு பயிற்சி பெற்றவள், அழுதுவிட்டாள். "போன மாசம் ரெண்டு பிள்ளைங்களைப் பச்சைக்கு மாத்தினேன்டி." நானும் அழுதேன். அழுதுகொண்டே அடுத்த எண்ணைப் போட்டேன்.

முப்பத்தொன்பதும் முடித்தபோது தொண்டை கட்டிவிட்டது. பிறகு எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி, வரைபடத்துக்கு ஒன்று, அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒன்று என்று அனுப்பினேன். போகிற வேலை போகட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

கண் திறந்திருக்கிறாள். பெரியம்மா சொன்னாள்.

மார்ச் 27, வியாழன்

கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாளாம். குடித்தாளாம். இன்னும் வேண்டும் என்று கத்தினாளாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே, மரத்தடியில், ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஓலை வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்தால் நினைவுபடுத்த: "மேற்படி செவிலியர், அலுவலக அனுமதியின்றித் தன்னிச்சையாகத் தயாரித்த பொம்மையை எடைக் கருவியில் தொங்கவிட்டுப் பதிவுகளில் பிழை ஏற்படுத்தியமைக்கும், பிற மையங்களுக்கு அலுவலகத்தைக் கடந்து தகவல் அளித்தமைக்கும் ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவேண்டும்."

பார்த்தாயா! கோடு ஏறினபோது "நம்ம அலுவலகம் கண்டுபிடிச்ச முறை". இறங்கியதும் முயலுக்குத் தாயும் நான், தகப்பனும் நான்! படித்துவிட்டு இன்று முதல்முறையாகச் சிரித்தேன். நாராசமான சிரிப்பு. வாலு அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள்.

பிழை என்னுடையதுதான். அதை ஒப்புக்கொண்டு விளக்கத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் மாதம் நூறு கிராம் கதையை எழுதினேன், தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தையோடு. அதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தார். "'சிரித்தார்'னு போட்டிருக்கியே, அது வேணுமா?" என்றார். வேணும் என்றேன். "அப்ப இருக்கட்டும்" என்றார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எடை நாள். முயல் இல்லை. இருபத்தைந்து குழந்தைகளும் அலறின. இத்தனை நாள் வராத தலைவலியும் சேர்த்து இன்று வந்தது.

எடை போடுவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். எந்த இடத்தில் நின்று காய்கறிக்காரியைப் பேசினேனோ அதே இடம். மூன்று மாதம் தப்பான எடை எழுதினேன், என் கவனக்குறைவு, பொட்டலம் நிறுத்தப்பட்ட குழந்தைகளுக்கு இன்றிலிருந்து மறுபடியும் உண்டு என்றேன். இரட்டைக் குழந்தைகளின் அப்பா எழுந்தார், தையல்காரர், குரல் உயர்த்திப் பேசாத மனிதர். "அன்னிக்கு அந்தம்மா கேட்டப்ப நாங்கள்லாம் சிரிச்சோம் நர்ஸம்மா. உங்களை நம்பிச் சிரிச்சோம்" என்றார்.

இந்தத் தடவை நான் குரலை உயர்த்தவில்லை.

மஞ்சள் பதினான்கு. இருப்பில் இருந்த பொட்டலம் மூன்று பேருக்குத்தான். அலுவலகத்துக்குப் போன் செய்தால், "பழைய கணக்குப்படிதான் அனுப்பியிருக்கோம், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிறான் கிடங்குக்காரன். அடுத்த மாசமா? அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேரே கிடங்குக்குப் போய் அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். மாலை நாலு மணிக்கு இரண்டு பெட்டியை இறக்கிக் கொடுத்தான், தொல்லை விட்டால் போதும் என்று. அக்கா ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி. பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம்.

ஏப்ரல் 9, புதன்

மிளகு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போகவில்லை. அக்கா கையில் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினேன். அம்மாக்காரி வாங்கிக்கொண்டாளாம். ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 16, புதன்

போன வெள்ளிக்கிழமை குழு வந்தது, இன்று முடிவு வந்தது. கோடு விழுந்துவிட்டது, முயல் தொங்கிய எல்லா மையத்திலும். வரைபடம் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தார்: பருவகால நோய்கள்! குழுவில் இருந்த வயதான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்த நோய்க்குப் பேர் மணல்னு இந்தப் பொண்ணு எழுதியிருக்கே?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவ்வளவுதான் நல்ல செய்தி. வரைபடத்தை வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், பெரிய அலுவலகம், பெரிய அறை என்று கேள்வி. எனக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் கிடையாது. வீட்டுக்காரர் கோபப்பட்டு இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். பேருந்துச் சாவியைச் சுவரில் வீசினார். நான் பொறுக்கிக் கொடுத்தேன். என் தண்டனை எனக்குச் சரி. அந்தப் பெரிய அறையை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

வாலு முயலைக் கண்டெடுத்துவிட்டாள். அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். "ஏம்மா இதை ஜெயில்ல போட்டிருக்கே?" வயிற்றைப் பிரித்து மணலைக் கொட்டச் சொன்னேன். வெறும் துணியாய்த் தொங்கிற்று. "கொக்கியிலதானே தப்பு? சுவத்துல ஆணி அடிச்சு மாட்டு" என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆணி! இதை ஜனவரியில் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? நானே யோசித்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு ஆணி.

மே 6, செவ்வாய்

எடை நாள். முயல் சுவரில், தராசுக்கு எதிரே. மணல் இல்லாததால் காற்றில் காதை ஆட்டுகிறது. பாதிக் குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன, பாதி அலறின. இன்னொரு மின்விசிறி இன்னும் சுற்றவில்லை.

பதினோரு மணிக்குக் காய்கறிக்காரி வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் இந்த வாசலில் கால் வைக்கிறாள். எல்லோரும் வழி விட்டார்கள். மிளகு இடுப்பில் இருந்தாள், என்னைப் பார்த்ததும் வீரிட்டாள், பழைய வீரிடல். அப்பாடா என்று இருந்தது.

நான் குழந்தைக்காகக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. துணிப்பையில் கைவிட்டு ஒரு இரும்பு எடைக்கல்லை எடுத்தாள். ஒரு கிலோ, முத்திரை குத்தியது. கடைத் தராசை மறுபடி சரிசெய்தபோது வாங்கினாளாம். என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய்த் தொட்டிலில் வைத்தாள். குனிந்து ஊசியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஒன்று.

கல்லை எடுத்துவிட்டுப் பூஜ்யத்துக்கு ஊசி திரும்புகிறதா என்றும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை உட்கார வைத்தாள். ஏழு கிலோ ஐந்நூறு. மஞ்சள். நான் எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, எழுதிய எண்ணை விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் கல்லைக் கொண்டு வருவேன்" என்றாள்.

"கொண்டு வாங்க" என்றேன்.

கல்லைப் பைக்குள் போடப் போனாள். வரிசையில் அடுத்து நின்ற தையல்காரர், இரட்டையில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் இருங்கம்மா. அதை இப்படிக் குடுங்க, நானும் ஒருதரம் வச்சுப் பார்த்துக்கிறேன்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.